மூடியைக் கழட்டுங்க தம்பி!

ரேம் விலை எகிறிவிட்டது. விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. பனியன் ஊர்களின் கம்பெனி அறைகளில் ஓடிக்கொண்டிருக்கும் அசெம்பிள்டு சிஸ்டங்கள் இனி என்ன ஆகும்?

எம்ப்ராய்டரி மெஷினின் தலைகள் அத்தனையும் அசையாமல் நிற்கின்றன. நூல் கோத்தாயிற்று, துணியை ஃபிரேமில் ஏற்றியாயிற்று, டிசைன் மட்டும் வரவில்லை. டிசைன் இருக்கிற கம்ப்யூட்டர் பக்கத்து அறையில், மேசைக்கடியில் கிடக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. “ஆனாகுதுங் தம்பி, டிஸ்ப்ளேதான் வரமாட்டேங்குது” என்கிறார் யூனிட்காரர். தம்பி பின்பக்கத்து இரண்டு திருகுகளைக் கழட்டிப் பக்கவாட்டுத் தகட்டை இழுக்கிறார். ப்ராசஸர் மேல் இருக்க வேண்டிய அலுமினியப் பட்டைகளைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் தடித்த படலம் ஒன்று. நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாக உரிந்து வருகிறது. அத்தனையும் பனியன் துணியிலிருந்து பறந்து வந்த பஞ்சு.

ஊத்துக்குளி வட்டத்துப் பேரூராட்சியான குன்னத்தூரில் எந்த வாரமும் நடக்கக்கூடிய காட்சி இது. பனியன் தொழிலைப் பற்றிப் பேசும்போது நூல் விலை, சாயக் கழிவு, அமெரிக்க வரி எல்லாம் பேசுகிறோம். ஒவ்வொரு கம்பெனியின் மூலையிலும் தகரப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எம்ப்ராய்டரிக்கான பஞ்சிங் டிசைன், பேட்டர்ன், பில், இ-வே பில், கூலிக் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சின்ன யூனிட்டுகளில் பெரும்பாலும் அது உள்ளூர்க் கடையில் பாகம் பாகமாகச் சேர்த்து மாட்டியதாகத்தான் இருக்கும்.

‘அசெம்பிள் பண்ணினா மிச்சம்’ என்பதுதான் இத்தனை வருஷமாகச் சொல்லப்பட்ட காரணம். இன்று அந்தக் காரணம் பாதி செத்துவிட்டது. ஆனாலும் அசெம்பிள் செய்யும் பழக்கம் இந்த ஊர்களில் சாகக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் பார்க்கிறது.

ஜாப் ஒர்க் கணக்கு

ஒரு டி-ஷர்ட்டைப் பெரும்பாலான கம்பெனிகள் முழுதாகச் செய்வதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங் எல்லாம் தனித்தனி ஷெட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்து, பையரிடம் ‘இது என் சரக்கு’ என்று சொல்பவர் ஒருவர். அசெம்பிள்டு கம்ப்யூட்டரும் இதே கணக்கில்தான் உருவாகிறது. ப்ராசஸர் இன்டெலுடையதோ ஏஎம்டியுடையதோ, போர்டு தைவான் கம்பெனியுடையது, ரேம் சிப் பெரும்பாலும் கொரியாவிலிருந்து வருவது. எங்கேயோ துளையிட்ட கேபினெட்டில் எல்லாவற்றையும் மாட்டி ‘இது ஓடும்’ என்று சொல்பவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர். ஒரு பீஸில் கறை இருந்தால் சாயப்பட்டறையைக் கைகாட்டிவிட்டு ஏற்றுமதியாளர் தப்ப முடியாது. சிஸ்டம் நின்றால் மாட்டியவரும் அப்படித்தான்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1981 ஆகஸ்ட் 12-இல் ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் ப்ராசஸரை இன்டெலிடமும், இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிப் போட்டது. உள்ளமைப்பு விவரங்களையும் வெளியிட்டது. கையை விட்டுப் போகாமல் வைத்திருந்தது பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை மட்டும்தான். காம்பேக் நிறுவனம் அதையும் சட்டத்துக்கு உட்பட்டே புதிதாக எழுதி 1983-இல் தன் கம்ப்யூட்டரை விற்றது. அடுத்த வருஷம் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படி எழுதிய பயாஸை யார் கேட்டாலும் விற்க முன்வந்தது. அதோடு கதவு திறந்துகொண்டது.

■ பெட்டி: பெட்டிக்குள் வந்த வழி
1984: இந்தியாவின் புதிய கணினிக் கொள்கை, இறக்குமதிக் கெடுபிடிகள் தளர்ந்தன.
1995: இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வகுத்தது. போர்டில் திருகுத் துளைகள் எங்கே, எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி எந்த அளவு என்பது உலகம் முழுக்க ஒன்றானது.
1997: தகவல் தொழில்நுட்பப் பொருள் வர்த்தக உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது, 2005-க்குள் கம்ப்யூட்டர் பாகங்கள் பலவற்றின் சுங்க வரி பூஜ்யத்துக்கு வந்தது.
2011: தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தது.
2025: செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது.

ரேடியோ உதிரி பாகங்கள் விற்ற சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் தெருவாக மாறியது இந்த மாற்றங்கள் நடந்த காலத்தில்தான். பெங்களூருவுக்கு எஸ்.பி. ரோடு, டெல்லிக்கு நேரு பிளேஸ், கொங்கு நாட்டுக்குக் கோவை காந்திபுரம். குன்னத்தூர்க்காரர் பாகம் வாங்கக் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போய் வந்தால் ஒரு நாள் போய்விடும். கடையைத் தேடி ஒரு நாள் போகிற ஊரில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதன் மதிப்பே வேறு.

ரேம் எங்கே போச்சு?

2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை ஏறத் தொடங்கி, சில மாதங்களிலேயே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போனது. கடைக்காரர்தான் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அவர் மேல் குற்றமில்லை.

ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்களில், உலக அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் எச்பிஎம் என்ற அதிவேக நினைவகத்தை வாரிக்கொள்கின்றன. அதே கொள்ளளவுக்கு எச்பிஎம் தயாரிக்க, சாதாரண டிடிஆர்5 ரேமுக்கு ஆவதைப்போல் சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் தகடு செலவாகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் லாபமும் அதிகம். 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் நம்பிக்கையோடு வாங்கிய பெயர்களில் ஒன்று அது.

எங்கோ ஒரு டேட்டா சென்டர் கட்டுகிறார்கள், இங்கே ஓவர்லாக் மெஷின் கூலியைக் கணக்குப் போடும் சிஸ்டத்துக்கு எட்டு ஜிபி ரேம் போட முடியவில்லை. அதுவும் எப்போது? 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு, ஆர்டர்கள் தள்ளாடிய அதே சமயத்தில். ஏற்றுமதியாளருக்கு வந்த நெருக்கடி ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இறங்காமல் இருக்காது. புது சிஸ்டம் வாங்கும் யோசனையைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள்.

பாகம் பாகமாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு இங்கேதான் வழி கிடைக்கிறது. பல லேப்டாப்களில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்று இருந்ததுதான் கடைசிவரை. மேசைக் கம்ப்யூட்டரில் அப்படியில்லை. பழைய சிஸ்டத்தில் இருப்பது டிடிஆர்4 என்றால், டிடிஆர்4 ஏற்கும் போர்டைத் தேடி வாங்கி, அதே ரேமை மாற்றிக்கொள்ளலாம். டிடிஆர்5 போர்டில் அது நுழையவே நுழையாது; இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. டேலியும் பில்லும் மட்டும் ஓடுகிற சிஸ்டத்துக்கு இப்போது ஒற்றை எட்டு ஜிபி போதும், விலை இறங்கியபின் இன்னொன்று சேர்க்கலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் டிசைன் வேலை செய்பவருக்கு மட்டும் ஒற்றை ரேம் காலை வாரும். ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது.

செகண்ட் ஹாண்ட் ரேம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ரேமில் ஒரு மூலை கெட்டிருந்தாலும் சிஸ்டம் ஓடும். ஒரு நாள் ஸ்டாக் கணக்கில் எண் மாறியிருக்கும், காரணம் தெரியாமல் கணக்குப் பிள்ளை திட்டு வாங்குவார்.

விண்டோஸ் 10-க்குப் பிறகு

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், ஏறக்குறைய 2017-18-க்குப் பிந்தைய ப்ராசஸரையும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்கு முந்தைய சிஸ்டங்கள் இந்த வட்டாரக் கம்பெனிகளில் இன்னும் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. ‘பழசாப் போச்சு, புதுசு வாங்குங்க’ என்ற ஒற்றை வார்த்தையில் அவற்றைக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டிபிஎம் தனியாக வாங்க வேண்டியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல போர்டுகளில் அது உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ப்ராசஸரே பழையது என்றால், மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்த நீட்டிப்பில் பதிந்துகொள்ளலாம்; தனிநபர் பயனாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைதான்.

பஞ்சிங் சிஸ்டத்தை இன்டர்நெட்டிலிருந்து கழட்டிவிடுவது இன்னொரு வழி. டிசைன் மென்பொருளுக்கும் அதன் உரிமச் சாவியான டாங்கிளுக்கும் இணையம் தேவையில்லை என்றால், டிஎஸ்டி என்ற டிசைன் ஃபைலைப் பென் டிரைவில் மெஷினுக்கு எடுத்துப் போகும் வேலைக்குப் பழைய விண்டோஸே போதும். அந்தப் பென் டிரைவை வேறெங்கும் செருகக்கூடாது என்பது மட்டும் சட்டம். பில் அடிப்பதும் மெயில் பார்ப்பதும்தான் வேலை என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும். 2011-க்குப் பின் அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்த பிள்ளைகள் இன்று இதே கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அது முழுக்க அந்நியமும் அல்ல.

எதைச் செய்யாவிட்டாலும், பேங்க் கணக்கும் ஜிஎஸ்டி தளமும் திறக்கிற சிஸ்டத்தைத் திருத்தம் இல்லாத விண்டோஸில் ஓடவிடாதீர்கள். கிராக் போட்ட விண்டோஸுக்கும் இதே பதில்தான்.

பஞ்சு, எர்த், ஜெனரேட்டர்

கம்ப்யூட்டர் புத்தகங்கள் குளிரூட்டிய அறையை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நம் சிஸ்டம் கட்டிங் டேபிளுக்கு இருபது அடி தள்ளி ஓடுகிறது. அதனால் இந்த ஊருக்கான பாடம் தனி.

பஞ்சு ஹீட் சிங்க் பட்டைகளை அடைத்ததும் ப்ராசஸரின் சூடு வெளியேற முடியாது. பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். யூனிட்காரருக்குத் தெரிவதெல்லாம் சிஸ்டம் ஸ்லோ என்பதுதான். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடிக்கச் சொல்வார். அடித்தபிறகும் ஸ்லோவாகவே இருக்கும். ஃபார்மேட்டில் பஞ்சு போகாது.

சுத்தம் செய்வதிலும் ஒரு தப்பு வழக்கமாக நடக்கிறது. கம்பெனியில் ஏர் கம்ப்ரஸர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், மெஷினை ஊதுகிற அதே குழாயால் சிஸ்டத்தையும் ஊதிவிடுகிறார்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்த் துளியும் கலந்திருக்கும். அழுத்தமும் அதிகம், ஃபேன் தன் சக்திக்கு மீறிச் சுற்றிப் பேரிங் போய்விடும். கையடக்க புளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு முறை. கேபினெட் வாங்கும்போதே முன்பக்கம் கழட்டிக் கழுவக்கூடிய வலை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் கதவையும் கலர் விளக்குகளையும்விட இந்த ஊருக்கு அந்த வலை முக்கியம்.

அடுத்தது எர்த். ‘சிபியு-வைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது’ என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் அதோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்-க்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் தகட்டோடு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகட்டில் 230 வோல்ட்டில் பாதி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் ஆளைச் சாய்க்காது, ஆனால் பிரிண்டர் கேபிள் செருகும் நேரத்தில் யுஎஸ்பி போர்ட்டைத் தீர்த்துவிடலாம். இதற்குப் போர்டை மாற்றிப் பயனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். மூன்று முனை பிளக்கில் ஒரு முனையை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கத்தையும் விட வேண்டும்.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் யுபிஎஸ் இருந்தும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறதா? விலை குறைந்த யுபிஎஸ்கள் தருவது படிக்கட்டு வடிவ அலை. இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துவராது, யுபிஎஸ் சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். எஸ்எம்பிஎஸ்-இல் மிச்சம் பிடிப்பதுதான் அசெம்பிள் செய்வதிலேயே பெரிய தப்பு என்பேன். கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வருவதை ஒதுக்கிவிட்டு 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கல) முத்திரையாவது இருப்பதை வாங்குங்கள். பாதிச் சுமையில் 85 சதவீதத் திறனாவது இருக்கும் என்பது அதன் பொருள்.

■ பெட்டி: வேலைக்கேற்ற சிஸ்டம்
டேலி, பில், இ-வே பில்: ப்ராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ளது போதும். எஸ்எஸ்டி கட்டாயம். இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் பெயர் எஃப் என்று முடிந்தால் பெரும்பாலும் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரை எரியாது.
எம்ப்ராய்டரி பஞ்சிங்: கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். டாங்கிளுக்காகப் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் ஒன்றை ஒதுக்குங்கள்.
பிரிண்டிங் டிசைன்: நிறம் ஏமாற்றாத ஐபிஎஸ் மானிட்டருக்குக் காசு ஒதுக்குங்கள், 16 ஜிபி ரேம்.
முப்பரிமாண சாம்பிள்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இங்கேதான் வேண்டும். கார்டு போட்டபின் மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகிவிட்டு ‘டிஸ்ப்ளே இல்லை’ என்று தவிப்பவர்கள் ஏராளம்.

முதல் முறை மாட்டுபவருக்கு

ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிகிற வேலைதான். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, அவசரப்பட்டால்தான் நஷ்டம். இன்டெல் போர்டிலும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டிலும் ஊசி முனைகள் போர்டிலேயே இருக்கும். பழைய ஏஎம்4-இல் ப்ராசஸரின் அடியில் இருக்கும். எதுவானாலும் முக்கோணக் குறிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்து மெல்ல விட வேண்டும், அழுத்தவே கூடாது. கேபினெட்டில் போர்டுக்கு அடியில் பித்தளைக் கால்கள் சரியான துளைகளில் மட்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தாலும் போர்டு ஷார்ட் ஆகலாம். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். மேல் மூலையில் ப்ராசஸருக்கென்று தனியாக எட்டு முனை பவர் கேபிள் உண்டு. ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராத பல புது சிஸ்டங்களில் மறந்துபோனது அதுதான். தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

பில் யார் பெயரில்?

‘பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தர்றேன்’ என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற யூனிட்டுக்கு இது நஷ்டக் கணக்கு. 40,000 ரூபாய் சிஸ்டத்துக்கு 18 சதவீதம் என்றால் வரி 7,200. முறையான பில் இருந்தால் அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாக ஈடுகட்டிக்கொள்ளலாம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது என்பது உண்மைதான். அவர்களுக்கும் வாரண்டி வேண்டுமே.

வாரண்டிதான் அசெம்பிள்டு சிஸ்டத்தின் பலவீனமான இடம், அதை மறைக்க வேண்டியதில்லை. பிராண்டட் சிஸ்டத்துக்கு ஒரே எண்ணைக் கூப்பிட்டால் போதும். இங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் வேறு காலம், வேறு சர்வீஸ் சென்டர். எனவே ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் ஏற வேண்டும். பெட்டியில் வந்த ப்ராசஸரா, டிரேயில் வந்ததா என்று கேளுங்கள். டிரேயில் வந்ததற்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரண்டி பெரும்பாலும் கிடையாது. பெயர் தெரியாத பிராண்டில் ‘புது’ எச்61, எச்81 போர்டு என்று விற்பவற்றில் பல, பழைய சிப்களைக் கழட்டிப் புதுப் பலகையில் ஒட்டியவை. அவசரத்துக்கு ஓட்டலாம், கம்பெனிக் கணக்கை நம்பி வைக்க முடியாது.

உள்ளூர் அசெம்பிளருக்கும் ஒரு வார்த்தை. கெட்டுப்போன பாகத்தைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி அது திரும்ப வரும்வரை, மாற்றாக ஒரு பாகம் போட்டுச் சிஸ்டத்தை ஓடவைக்கிற கடைக்காரர்தான் இந்தத் தொழிலில் நிற்பார். ஆன்லைன் விலையோடு அவரால் போட்டியிட முடியாது. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நிற்கும்போது ஆன்லைன் கடை குன்னத்தூருக்கு வராது. அந்தச் சேவைக்குத் தனியாகக் கூலி கேட்க அவர் கூச்சப்படக்கூடாது, கொடுக்க யூனிட்காரர் யோசிக்கவும் கூடாது.

மேசைக்கு முன்னால் இருப்பவர்

ஐடிஐ-யில் கம்ப்யூட்டர் ஹார்டுவேருக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே படித்த பையன்கள் வருவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பல கம்பெனிகளில் பில் போடுவதும் டேட்டா ஏற்றுவதும் பெண்கள். நாள் முழுக்க அந்தச் சிஸ்டத்தோடு இருப்பவர்கள் அவர்கள்தான். அது எப்போது ஸ்லோவாகிறது, எந்தச் சத்தம் புதிது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் மூடியைத் திறக்க ஒரு தம்பிக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவர்களே திறந்து பழக, கம்பெனிப் பரண்களில் செத்த சிஸ்டங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போடக்கூடாது. அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றில் ஒன்றை அந்தப் பெண்களிடம் கொடுங்கள். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், பென்சில் ரப்பர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் கரண்டைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு ரேமைக் கழட்டி, அதன் தங்க நிற முனைகளை ரப்பரால் துடைத்து, இரண்டு பக்கமும் கிளிப் விழும்வரை அழுத்திச் செருகட்டும். ‘டிஸ்ப்ளே வரல’ என்று கடைக்குப் போகிற சிஸ்டங்களில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே எழுந்துவிடும்.